இந்த லைனில் வேறு போன் இல்லை

எனக்குத் துரோகம் செய்தவன் பெயர் கிருபாகரன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார். பாதியில் நீங்கள் தூங்கிப்போனாலும் பெயராவது மனதில் நிற்கும். பொள்ளாச்சி வரைதானே? நல்லது. கீழே போய்ச் சேர நாற்பது கொண்டை ஊசி வளைவு. நாற்பது என்று எழுதிய போர்டு இப்போதுதான் போனது. ஒன்று வருவதற்குள் சொல்லிவிடலாம்.

பஸ் கண்ணாடியைச் சாத்திவிடுங்கள். ஆவணி பிறந்தும் இந்த மலைக்கு மழை விடவில்லை.

இன்றைக்கு அவன் வீட்டில் விசேஷம். பொள்ளாச்சியில் மாடி வைத்துக் கட்டியிருக்கிறான். காலையில் பால் காய்ச்சியிருப்பார்கள், மத்தியானம் சாப்பாடு. அங்கேதான் போகிறேன். சாப்பிடப் போகவில்லை. அவன் எனக்கு ஒரு வார்த்தை தர வேண்டும். பத்தொன்பது வருஷமாகத் தரவில்லை. "என் தப்புதான் ஐயா" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கே அதைச் சொல்ல வருகிறது. காலேஜ் படித்தவனுக்கு வாய் வரவில்லை.

என் பெயர் சன்னாசி. கருங்குன்று எஸ்டேட் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் அட்டெண்டர். கதவைத் திறப்பது, பெருக்குவது, டீ போடுவது, கடிதாசி கொண்டுபோவது. அந்த ஆபீஸில் எந்தத் தகரத்தில் ஒழுகும், எந்த பீரோவில் பாம்பு வந்து படுக்கும் என்று எனக்குத்தான் தெரியும். மேனேஜர் துரைமார் ஆறு பேர் வந்து போனார்கள். நான் இருந்தேன்.

ஒரு வருஷம் கோயம்புத்தூர் ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை ஜீப்பில் ஏற்றி அனுப்பினார்கள். அவர்கள் கழித்துப்போட்ட பெட்டி. அன்றன்றைக்குப் பறித்த இலை எத்தனை கிலோ என்று சாயங்காலத்துக்குள் அதில் அனுப்பிவிட வேண்டுமாம். அதோடு கூட வந்தவன்தான் கிருபாகரன். இருபத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. மலை ஏறி வந்த மயக்கத்தில் வாசலிலேயே வாந்தி எடுத்தான். நான்தான் தண்ணீர் கொடுத்தேன். அதை மறந்துவிட்டான் பாருங்கள்.

"பெட்டி ரொம்பப் பழசு ஐயா. எல்லாரும் போடுற விண்டோஸை இதுல ஏத்தினா மூச்சு வாங்கும். அதான் லினக்ஸ் போட்டிருக்கேன். அதுலயும் ரொம்ப லேசானது. படம் கிடம் ஒண்ணும் வராது. எழுத்து மட்டுந்தான்."

அப்படியே, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. எங்கள் ஹெட் கிளார்க் குரியன், மலையாளத்துக்காரர், எட்டிப் பார்த்துவிட்டு, "சன்னாசி, இதை நீயே நோக்கிக்கோ. எனக்கு லெட்ஜர் மதி, அது போதும்" என்று நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். எடையை நோட்டில் எழுதித் தருவதோடு அவர் வேலை முடிந்தது. அதைப் பெட்டியில் தட்டி அனுப்புவது என் வேலை ஆனது. இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. காலண்டர் தாளின் பின்பக்கம் அவன் ஆறு எழுத்து எழுதிக் கொடுத்தான். படம் பார்ப்பது போலப் பார்த்து ஒவ்வொன்றாகத் தேடி அமுக்குவேன். அமுக்கினால் பக்கத்தில் இருக்கிற மோடம் என்கிற டப்பா போன் போடும். போன் வயர் அந்த டப்பாவுக்குள்தான் போகும். முதலில் டயல் டோன், பிறகு நம்பர் அடிக்கிற சத்தம், பிறகு பூனைச் சண்டை போல ஒரு கத்தல். கத்தி முடித்ததும் டப்பாவின் நெற்றியில் நாலாவது விளக்கு சிவப்பாக எரியும்.

"நாலாவது எரிஞ்சா அந்தப் பக்கம் நம்ம கையைப் புடிச்சிட்டாங்கன்னு அர்த்தம். அணைஞ்சா கை நழுவிடுச்சு. மறுபடி முதல்ல இருந்து."

நல்லா சொல்லிக் கொடுப்பான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் நான் என்று ஆகிவிட்டது. வெள்ளத்தாய் கிண்டல் செய்வாள். "வீட்டுல பல்பு மாத்தத் தெரியல, ஆபீஸ்ல விளக்கு எண்ணுறாராம்" என்பாள்.

வெள்ளத்தாய் என் சம்சாரம்.

அவளுக்கு மூச்சு இழுப்பு. இந்தக் குளிரும் மழையும் அவளுக்கு ஆகாது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மஞ்சு, அதான் பனிமூட்டம், இறங்கும் பாருங்கள், அப்போது ஆரம்பிக்கும். வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது, ஆபீஸுக்குக் கீழே, இருநூறு படி இறங்க வேண்டும். எஸ்டேட் ஆஸ்பத்திரி நாலு மைல். போன் செய்தால் ஜீப் வரும், கம்பவுண்டர் மருந்தோடு வருவார். ஆனால் லைன் வீட்டுக்கு யார் போன் கொடுப்பார்கள்? ஒரு தடவை நீலம் பாரித்துப்போய்க் கிடந்தாள். கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஆபீஸ் சுவரில் போன் வயர் வந்து சேர்கிற சின்னப் பெட்டி இருக்கும். உள்ளே இரண்டு திருகாணி. அந்த இரண்டில் இரண்டு வயரைச் சொருகினால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே சொருகினேன். தேயிலைச் செடி வேரோடு வேராக வயரைப் புதைத்து வீடு வரைக்கும் இழுத்தேன். சிவப்புக் கலர் போன் ஒன்று பழையதாகக் கிடைத்தது. அதை அரிசி டிரம்முக்குள் வைத்தேன். யாருக்கும் தெரியாது. இழுப்பு வந்தால் மட்டும் எடு, ஆஸ்பத்திரி நம்பரைப் போடு என்று சொன்னேன். இதைத் திருட்டு என்று சொல்வீர்களா? சொல்லுங்கள். தெரிந்தால் துரை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பார். வேலை போனால் வீடும் போகும். அந்த ஆபீஸை அத்தனை வருஷம் கூட்டிப் பெருக்கியவனுக்கு இரண்டு திருகாணி சொந்தம் இல்லையா?

இருபத்தெட்டு. இந்த வளைவில்தான் போன மாசம் லாரி விழுந்தது. அங்கே பார்க்காதீர்கள், தலை சுற்றும்.

பிறகு கை நழுவ ஆரம்பித்தது சார். மூன்று மணிக்கு இலை எடை வரும். மூன்றிலிருந்து நாலரை வரைக்கும் போன் லைன் மெஷினுக்கு. நாலாவது விளக்கு எரியும், பாதி அனுப்பியிருக்கும், டப்பென்று அணையும். மறுபடி ஆறு எழுத்து. மறுபடி பூனைச் சண்டை. மறுபடி அணையும். ஹெட் ஆபீஸிலிருந்து குரியனுக்குத் திட்டு. குரியன் என்னைத் திட்டுவார்.

எனக்குத் தெரியாமல் இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே கேட்டேன்.

"போனை எடுத்தியாடி?"

"சத்தம் இருக்கான்னு பாத்தேன். டொய்ங்னு வரும்ல, அது வரல. என்னமோ கரகரன்னு கத்துச்சு. பயந்து வெச்சிட்டேன்."

"இழுப்பு வந்தாத்தானே எடுக்கச் சொன்னேன்? நேத்து இருந்த சத்தம் இன்னைக்கு எங்க போயிடும்?"

"நேத்து இருந்த மூச்சு இன்னைக்கு எங்க போகுது? அப்படித்தான்."

வாயாடி. மஞ்சு இறங்கினால் அவளுக்குப் பயம். பயம் வந்தால் டிரம்மைத் திறந்து போனைக் காதில் வைத்துப் பார்ப்பாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. சொன்னால் கேட்க மாட்டாள்.

கிருபாகரன் சரிசெய்ய வந்தான். முதல் தடவை மோடத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த வயரை மாற்றினான். வேகத்தைக் குறைத்துவைத்தான். சரியாகவில்லை. இரண்டாம் தடவை வந்து, யாராவது குறுக்கே போன் செய்தால் டிக் டிக் என்று சத்தம் வருமாம், அதை நிறுத்திவைத்தான். அதுவும் உதவவில்லை. மூன்றாம் தடவை வந்து நாள் முழுக்க உட்கார்ந்தான். அந்த லினக்ஸ் இருக்கிறதே, அது ஒரு கோள்மூட்டி. எது நடந்தாலும் மணி, நிமிஷம் போட்டு எழுதிவைத்துக்கொள்ளும். அதையெல்லாம் அவன் ஒரு தாளில் எழுதி எடுத்தான். பிறகு என்னைக் கூப்பிட்டான். குரியன் பக்கத்தில் இருந்தார்.

"ஐயா, எல்லாமே மூணு மணிக்கும் நாலரைக்கும் நடுவுலதான் விழுது. மெஷின்ல கோளாறு இல்ல. மோடத்துல கோளாறு இல்ல. வேற எங்கயோ ஒரு ரிசீவரை யாரோ தூக்குறாங்க. இந்த லைன்ல வேற போன் இருக்கா?"

"இல்லை தம்பி" என்றேன்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. பழைய போன் ஏதாவது? ஸ்டோர்ல? துரை பங்களாவுல?"

"பங்களாவுக்குத் தனி லைன். இங்கே வேறு போன் இல்லை."

சொன்னதை நம்பினானா? இல்லை. வெளியே போய்ச் சுவர்ப் பெட்டியைத் தேடினான். மழையில் குனிந்து குனிந்து சுவரோரமாக நடந்தான். இன்னும் நாலு அடி வைத்தால் பெட்டி. நான் குடையோடு பின்னாலேயே ஓடினேன்.

"தம்பி, அந்தப் பக்கம் போகாதீங்க. காலையிலதான் சிறுத்தை நடந்த தடம் பாத்தாங்க. குட்டி போட்டிருக்கும் போல."

அப்படியே நின்றான். முகத்தில் ரத்தம் இல்லை. சிறுத்தை அந்தப் பக்கம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அது வேறு விஷயம். நான் கேட்கிறேன், உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் நாலு அடிக்கு ஒருத்தன் பயப்படுவானா? வேலையில் அக்கறை இருந்தால் போய்ப் பார்த்திருக்க வேண்டாமா? அவன் செய்த முதல் தப்பு அதுதான். குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்: "சரி, வேற போன் இல்லைன்னா நான் ஒண்ணு பண்றேன். இனிமே கை நழுவினா நீங்க ஒண்ணும் தட்ட வேண்டாம். மெஷின் தானா மறுபடி போடும். விழ விழப் போட்டுக்கிட்டே இருக்கும். டயல் டோனுக்குக் கூட காத்திருக்காது."

"சத்தத்தையும் நிறுத்தடே. தலை பிளக்குது" என்றார் குரியன். அதையும் நிறுத்தினான்.

மூன்றாவது தடவையாக என்னைப் பார்த்தான்.

"ஐயா, நல்லா கேட்டுக்குங்க. இதுக்கப்புறம் மெஷின் ஓடுற நேரத்துல இந்த லைன்ல வேற யாரு போன் எடுத்தாலும் அவங்களால ஒரு நம்பர் போட முடியாது. அவங்க ரெண்டு நம்பர் போடுறதுக்குள்ள மெஷின் குறுக்க வந்து நிக்கும். விடாது. யாரும் இல்லைதானே?"

குரியன் என்னைப் பார்த்தார். மேஜையில் பெரிய லெட்ஜர் திறந்து கிடந்தது. மழை சத்தம்.

"இல்லை" என்றேன்.

அவ்வளவுதான். விரல் தட்டினான், எழுத்து ஓடியது, முடிந்தது. டீயைக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டான்.

வீட்டில் சொல்லவில்லையா என்று கேட்கிறீர்கள். சொல்லத்தான் இறங்கினேன். அன்றைக்கு அவளுக்கு மூச்சு நன்றாக இருந்தது. கருவாடு வறுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்றிலிருந்து நாலரை வரைக்கும் போன் செத்த மாதிரி என்று சொன்னால் என்ன ஆகும்? பயப்படுவாள். பயந்தால் இழுப்பு வரும். அவள் நல்லதுக்குத்தான் சொல்லவில்லை. புருஷன் என்று இருந்தால் நாலையும் யோசிக்க வேண்டும் சார்.

அடுத்த ஒரு மாசம் வேலை சுத்தமாக நடந்தது. விளக்கு எப்போதாவது விழும், தானாக எழுந்துகொள்ளும். ஹெட் ஆபீஸிலிருந்து குரியனுக்குப் பாராட்டு வந்தது.

ஆடி மாசம். புதன்கிழமை. காலையிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுகிற மழையில் பக்கத்தில் இருக்கிறவன் பேசுவது கேட்காது. அன்றைக்கு அரை வருஷத்து எடை முழுவதும் அனுப்ப வேண்டும். ஒரு மணி நேரமாவது பிடிக்கும். பெண்கள் எல்லாம் எஸ்டேட் கடைசியில் இருக்கிற தொங்கல் காட்டில் இலை பறிக்கப் போயிருந்தார்கள். லைன் வீடுகளில் வெள்ளத்தாய் மட்டும்தான். மூன்றரைக்கு ஆரம்பித்தேன்.

மூன்று நாற்பதுக்கு நாலாவது விளக்கு விழுந்தது. எழுந்தது. சரி, சத்தம் பார்க்கிறாள் என்று நினைத்தேன். உடனே மறுபடி விழுந்தது. எழுந்தது. மறுபடி விழுந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. இன்றைக்கு என்று பார்த்து இவளுக்கு விளையாட்டா? "வைடி கீழே" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். விழும், எழும். டப்பா சத்தமே போடவில்லை, அவன்தான் வாயைக் கட்டிவிட்டுப் போனானே. விளக்கு மட்டும் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தது. நான் எண்ணினேன். பதினோரு தடவை.

போய்ப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். குரியன் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். எங்கே போகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? வயரைப் பிடுங்கியிருக்கலாமே என்பீர்கள். ஹெட் ஆபீஸ் அந்தப் பக்கம் காத்திருக்கிறது. அதோடு மெஷின் விடாமல் முயற்சி செய்கிறதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி பெருமையாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

பதினோராவது தடவை எழுந்த விளக்கு விழவில்லை.

நின்றது. சாமி முன்னால் ஏற்றிய மாதிரி ஆடாமல் அசையாமல் நின்றது. நாலு மணி பத்து நிமிஷம். மூன்று வருஷத்தில் அப்படி ஒரு நாள் நின்றதில்லை. நாலே முக்காலுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

"இன்னைக்கு நல்லா நிக்குதல்லோ சன்னாசி" என்று குரியன் சிரித்தார்.

"நின்னுடுச்சு ஐயா" என்றேன். கதவைப் பூட்டிக் குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். அன்றைக்கு எனக்கு நல்ல மனசு. திட்ட வேண்டாம், விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அரிசி டிரம் மூடி அடுப்படி வரைக்கும் உருண்டு போயிருந்தது. போன் மடியில் இருந்தது. ரிசீவரை அதன் இடத்தில் ஒழுங்காக வைத்திருந்தாள். சுவரில் சாய்ந்திருந்தாள்.

ஜனம் வருவதற்குள் வயரைப் பிடுங்கினேன். மேலே ஏறிப் போய்த் திருகாணியைக் கழற்றினேன். போனைக் கோணிப்பையில் சுற்றி ஓடையில் போட்டேன். திரும்பி வந்த பிறகுதான் சத்தம் போட்டேன். வேலையும் போய் வீடும் போனால் காரியம் எங்கே செய்வது? அவள் கை அப்போது சூடாகத்தான் இருந்தது. அதெல்லாம் கொஞ்ச நேரம் இருக்கும் என்று கம்பவுண்டர் பிறகு சொன்னார்.

ஒன்பதாவது வளைவு. அதோ தெரிகிறது பாருங்கள் ஆழியாறு அணை. எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள். நீங்களும் பாருங்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கிருபாகரன் கோயம்புத்தூரிலிருந்து வந்தான். இந்தத் தடவையும் வாந்தி எடுத்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல ஐயா. ஆபீஸ் பக்கத்துலயே இருந்தும் ஒரு போன் பண்ண முடியாம போச்சே" என்றான். அவன் கண்ணையே பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. செய்த காரியம் தெரியாத மாதிரி ஒரு முகம். அந்த முகத்தைத்தான் சார் என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு ஒவ்வொரு ஆடியிலும் திதி கொடுத்த கையோடு அவன் வீட்டுக்குப் போவேன். கோயம்புத்தூரில் வாடகை வீட்டில் இருந்தபோதும் போனேன். கல்யாணம் ஆன பிறகும் போனேன். "வாங்க ஐயா" என்று நாற்காலி போடுவான். அவன் சம்சாரம் இலை போட்டுச் சோறு வைப்பாள். "மாமா, ரசம் இன்னும் கொஞ்சம்" என்பாள். நான் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். அவனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். "என்ன ஐயா, ஏதாவது சொல்லணுமா?" என்பான். நான் எதற்குச் சொல்ல வேண்டும்? அவன் அல்லவா சொல்ல வேண்டும். சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். பிறகு பஸ் ஏறிவிடுவேன். போன ஆடியில் அவன் சின்ன மகள் என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிள்ளைக்குப் புரிகிறது. அப்பனுக்குப் புரியவில்லை.

என்ன கேட்டீர்கள்? அந்தச் சிவப்புப் போன் விஷயம் அவனுக்குத் தெரியுமா என்றா?

எப்படித் தெரியும்? நான் யாரிடமும் சொன்னதில்லை. குரியன் சாகிற வரைக்கும் அவருக்கும் தெரியாது. இன்றைக்கு உங்களிடம்தான் முதல் முதலாகச் சொல்லியிருக்கிறேன். நான் சொல்லி அவன் தெரிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டால் அதற்குப் பெயர் மன்னிப்பா? மூன்று தடவை கேட்டானே, நாலாவது தடவை கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். அதை அவனே யோசித்துக் கண்டுபிடிக்கட்டும். படித்தவன்தானே. மெஷின் எழுதிவைத்த மணியும் நிமிஷமும் அவன் கையில் இருந்ததுதானே.

இன்றைக்கு நான் உள்ளே போய் உட்காரப் போவதில்லை. வாசலில் நிற்பேன். வருகிறவர்கள் பார்க்கட்டும். யார் இவர், ஏன் உள்ளே வர மாட்டேன் என்கிறார் என்று நாலு பேர் அவனைக் கேட்கட்டும். சோறு போடுகிறேன் என்று கையைப் பிடித்து இழுத்தாலும் படி ஏற மாட்டேன். புது வீடு. அந்த வார்த்தையைச் சொல்லாமல் அவன் அதில் எப்படிக் குடியிருக்கிறான் என்று பார்க்கிறேன்.

ஏன் சார் எழுந்துவிட்டீர்கள்? பொள்ளாச்சிக்கு இன்னும் தூரம் இருக்கிறது. முன்னால் சீட் காலியாக இருக்கிறதா? சரி, போய் உட்காருங்கள். மழை அங்கேயும் அடிக்கும்.

ஆனால் நீங்கள் நியாயம் தெரிந்தவர் மாதிரி இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். தப்பு அவனுடையதுதானே? தலையையாவது ஆட்டிவிட்டுப் போங்கள்.

சரி, வேண்டாம். நீங்களும் தர வேண்டாம். எனக்குத் தர வேண்டியவன் கீழே இருக்கிறான். இன்றைக்குத் தரவில்லை என்றால் அடுத்த ஆடிக்கு வருவேன்.